பாலே பார்க்க ஒரே ஒரு டிக்கெட்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பாலே என்ற மேலைநாட்டு நடனத்தை ஆடும் வெளிநாட்டுக் குழு ஒன்று சென்னைக்கு வந்து 'ஸ்வான் லேக்' (அன்ன ஏரி) ஆடப்போகிறது. துணிந்து டிக்கெட் வாங்கிவிட்டேன். வீட்டில் யாருக்கும் ஆர்வமில்லை. 52 வயதில் முதல் தடவையாக ஒரு நிகழ்ச்சிக்குத் தனியாகப் போகிறேன். பாலே பார்ப்பதும் இதுதான் முதல் தடவை. கதை புரியுமா, என்ன உடுத்துவது, எப்போது போய்ச் சேருவது என்று எல்லாமே குழப்பமாக இருக்கிறது.
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: கதையிலிருந்து தொடங்குவோம். கதை தெரிந்துவிட்டால் மற்றக் கவலைகளில் பாதி தானாகவே கழன்றுவிடும். பாலேயில் வசனமும் இல்லை, பாட்டும் இல்லை. பரதநாட்டிய வர்ணத்துக்குச் சாகித்தியம், அதாவது பாட்டு வரி, இருப்பதுபோலப் பிடித்துக்கொள்ள ஒரு வரிகூடக் கிடையாது. அதனால் கதையை முன்கூட்டியே படித்துவிட்டுப் போவது ரசனையைக் கெடுத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ராமாயணம் தெரிந்துகொண்டே நாட்டிய நாடகத்துக்குப் போகிறோமே, அதே மாதிரிதான்.

'ஸ்வான் லேக்' நான்கு அங்கங்கள் கொண்டது. முதல் அங்கத்தில் இளவரசன் சீக்ஃப்ரீடின் பிறந்தநாள் விருந்து நடக்கிறது. அரசியான தாய் வந்து, இனி நீ பெண் பார்த்துத்தான் ஆகவேண்டும் என்கிறாள். இரண்டாவது அங்கம் இரவில், ஏரிக்கரையில். ராத்பார்ட் என்ற மந்திரவாதியின் சாபத்தால் ஒடெட் பகலில் அன்னமாகவும் இரவில் பெண்ணாகவும் இருக்கிறாள். இதுவரை யாரையும் காதலிக்காத ஒருவன் அவளிடம் சத்தியம் செய்து, அதைக் காப்பாற்றினால்தான் சாபம் நீங்கும். மூன்றாவது அங்கத்தில் அரண்மனை நடன விழா. மந்திரவாதி தன் மகள் ஒடீலை, ஒடெட்டின் சாயலில் கூட்டிவருகிறான். இளவரசன் ஏமாந்து அவளிடம் சத்தியம் செய்துவிடுகிறான். நான்காவது, மறுபடி ஏரிக்கரை. முடிவு மட்டும் குழுவுக்குக் குழு மாறும். சில வடிவங்களில் இருவரும் ஏரியில் விழுந்து உயிர்விடுகிறார்கள். சோவியத் காலத்தில் உருவான வடிவங்களில் இளவரசன் மந்திரவாதியின் சிறகைப் பிய்த்து எறிந்து ஜெயிக்கிறான். உங்கள் குழு எதை ஆடுகிறது என்பது நிகழ்ச்சித் தாளில் இருக்கும். விளக்கு அணைவதற்குமுன் அந்தப் பத்தியை மட்டுமாவது வாசித்துவிடுங்கள்.

ஒடெட், ஒடீல் இரண்டையும் பெரும்பாலும் ஒரே கலைஞர்தான் ஆடுவார். இரட்டை வேடம் நமக்குப் புதிதில்லை. ஆனால் இங்கே குரலோ வசனமோ துணைக்கு வராது. வெள்ளை உடை கறுப்பாகும், அவ்வளவே. மிச்சத்தை உடம்புதான் சொல்ல வேண்டும். வெள்ளை அன்னமான ஒடெட்டுக்குக் கைகள் தோளிலிருந்து விரல்நுனி வரை அலைபோல நெளியும், பார்வை தாழ்ந்திருக்கும். கறுப்பு அன்னமான ஒடீலுக்கு அதே கைகள் வெட்டி நிற்கும், பார்வை நேராக வந்து குத்தும். நடுவில், இளவரசனை ஏமாற்றுவதற்காக, கறுப்பு அன்னம் சில கணங்கள் வெள்ளையின் நெளிவைக் கடன் வாங்கிக்கொள்ளும். அந்த இடத்தைத் தவறவிடாதீர்கள்.

இசை ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கியுடையது. 1877-ல் மாஸ்கோவில் முதன்முதல் மேடையேறியபோது பெரிய வெற்றி இல்லை. அவர் 1893-ல் காலமானார். 1895-ல் நடன அமைப்பாளர்கள் பெத்திபாவும் இவானோவும் பீட்டர்ஸ்பர்க்கில் புதிதாக அமைத்த வடிவம்தான் இன்று உலகம் ஆடும் பெரும்பாலான வடிவங்களுக்கு வேர். ஏரிக்கரைக் காட்சிகள் இவானோவின் கை. அரண்மனைக் காட்சிகள் பெத்திபாவின் கை. இரண்டுக்கும் மணமே வேறு என்பது பழக்கமில்லாத கண்ணுக்கும் தெரியும்.

இனி நடைமுறை. தொடங்கும் நேரத்துக்கு 45 நிமிடம் முன்னால் அரங்கில் இருங்கள். கச்சேரியில் பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில் நுழையலாம். பாலேயில் ஓர் அங்கம் தொடங்கினால் 30, 40 நிமிடம் கதவு திறக்காமல் போகலாம். தாமதமாக வந்தவர் இடைவேளை வரை வெளியே நிற்க வேண்டியிருக்கும். ஐந்து மணிக்குள் வயிறு நிறைய டிபன் சாப்பிட்டுவிடுங்கள். டிசம்பர் சீசன் சபா கேன்டீனை மனத்தில் வைத்துப் போனால் ஏமாற்றம்தான். மற்ற மாதங்களில் வெறும் காபி, பாப்கார்ன் கிடைத்தால் அதிகம்.

உடைக்குக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. பட்டுப்புடவையும் சரி, பருத்தி சுடிதாரும் சரி. ஒரு சால்வை கட்டாயம் வேண்டும். இரண்டரை மணி நேரம் அசையாமல் ஏசியில் உட்கார்ந்தால் கால் விறைத்துவிடும். கண்ணாடி வளையல் வேண்டாம். இரண்டாம் அங்கத்தில் வயலினும் செல்லோ என்ற தந்தி வாத்தியமும் மட்டும் பேசிக்கொள்ளும் இடம் ஒன்று வருகிறது. அங்கே உங்கள் வளையல் சத்தம் நான்கு வரிசை கேட்கும். இருமலுக்கு மிட்டாய் வைத்திருந்தால் காகிதத்தை முன்பே பிரித்துக் கைக்குட்டையில் முடிந்துகொள்ளுங்கள். செல்போனை அதிர்வில் வைத்தால் போதாது, அணைத்துவிடுங்கள். ஃப்ளாஷ் வெளிச்சம் சுழன்றுகொண்டிருக்கும் ஒருவரின் கண்ணில் பட்டால், அவர் பார்வையை நிலைநிறுத்த வைத்திருக்கும் புள்ளி தொலைந்துபோகும். விழுந்து அடிபடவும் கூடும்.

தனியாக இருப்பதைப் பற்றி ஒன்று. பக்கத்தில் ஆள் இருந்தால் 'இவன் யார், அவள் ஏன் அழுகிறாள்' என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்வதிலேயே அரைக் கவனம் போகும். வசனமில்லாத ஒரு கலையை முதல் தடவை பார்க்கும்போது முழுக் கவனமும் உங்களுடையதாகவே இருப்பது நல்லது. அந்த வகையில் உங்கள் வீட்டார் உங்களுக்கு உதவிதான் செய்திருக்கிறார்கள்.

கேள்வி: முதல் வரிசைக்குத்தான் விலை அதிகம். அதுதான் நல்ல இடமா? பைனாகுலர் கொண்டுபோகலாமா?
– வாசகர், அண்ணா நகர்

பதில்: விலையைப் பார்த்து ஏமாற வேண்டாம். பாலேக்கு முதல் வரிசை நல்ல இடமில்லை. மேடை பொதுவாக மூன்று, மூன்றரை அடி உயரம். உட்கார்ந்திருப்பவரின் கண்ணும் ஏறக்குறைய அதே உயரம்தான். மேடையின் விளிம்பு பாதங்களை மறைத்துவிடும். பாதத்தைப் பார்க்காமல் பாலே பார்ப்பது, விரலைப் பார்க்காமல் வீணை கேட்பது மாதிரி.

கீழ்த்தளத்தில் ஆறாவது வரிசையிலிருந்து பன்னிரண்டாவது வரை, நடுப்பகுதி நல்லது. பால்கனி இருந்தால் அதன் முதல் இரண்டு வரிசை இன்னும் நல்லது, விலையும் குறைவு. ஏரிக்கரைக் காட்சியில் அன்னங்கள் வரிசை வரிசையாகப் பிரிந்து, சேர்ந்து, குறுக்கே வெட்டிப் போகும். பெரிய நாடகசாலைகளில் 24 பேர் ஆடுவது மரபு. பயணக் குழுக்களில் எண்ணிக்கை குறையலாம். கீழிருந்து பார்த்தால் வெள்ளைப் பாவாடைக் கூட்டம். மேலிருந்து பார்த்தால் புள்ளிக்கோலம். மொட்டை மாடியிலிருந்து வாசல் கோலத்தைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்.

ஓரத்து இருக்கைகளைத் தவிருங்கள். நாயகியும் இளவரசனும் நடுவில் ஆடும்போது மற்ற அன்னங்கள் மேடையின் இரு ஓரங்களிலும் அணிவகுத்து நிற்பார்கள். இடது கோடியில் உட்கார்ந்தால் இடது அணி உங்களுக்கு மறைந்துபோகும்.

ஒற்றை டிக்கெட் வாங்குபவருக்கு ஒரு சௌகரியம் உண்டு. குடும்பங்கள் இரண்டும் நான்குமாக எடுத்தபின், நடு வரிசைகளில் ஒற்றை இருக்கைகள் அனாதையாக நிற்கும். அவற்றை வேறு யாரும் எடுக்க மாட்டார்கள். விற்பனை தொடங்கிச் சில நாள் கழித்து இருக்கை வரைபடத்தைத் திறந்து பாருங்கள்.

பைனாகுலர் தாராளமாகக் கொண்டுபோகலாம். ஆனால் பறவை பார்க்கும் எட்டு மடங்கு பைனாகுலர் இங்கே உதவாது. 30 மீட்டர் தூரத்திலிருந்து பார்த்தால் அதில் மேடையின் சுமார் நான்கு மீட்டர் அகலம்தான் அடங்கும். ஆடுபவர் இரண்டு தாவலில் வெளியே போய்விடுவார், நீங்கள் தேடிக்கொண்டிருப்பீர்கள். கை நடுக்கமும் எட்டு மடங்காகும். மூன்று, நான்கு மடங்குச் சிறு கண்ணாடி போதும். அதையும் முகம் பார்க்க மட்டும் எடுங்கள். கூட்டமாக ஆடும்போது மடியில் வைத்துவிடுங்கள்.

கேள்வி: சிறுவயதில் எட்டு ஆண்டு பரதநாட்டியம் கற்றேன். பாலேயிலும் முத்திரைகள் உண்டா? நான் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: உண்டு, ஆனால் கொஞ்சம்தான். நாட்டிய நூலான அபிநய தர்ப்பணம் ஒற்றைக் கைக்கே 28 முத்திரை சொல்கிறது. பாலேயின் சைகைமொழி அப்படி விரிந்ததல்ல. இவற்றைத் தெரிந்துகொண்டாலே பல இடங்கள் திறந்துகொள்ளும்: தலைக்குமேல் இரு கைகளையும் ஒன்றையொன்று சுற்றி உருட்டினால் 'ஆடு, ஆடலாம்'. மோதிர விரலைத் தொட்டால் திருமணம். முகத்தைச் சுற்றி விரலால் வட்டமிட்டால் 'அழகி'. இரு கைகளையும் நெஞ்சில் சேர்த்தால் காதல். முஷ்டி பிடித்த கைகளை மணிக்கட்டில் குறுக்காக வைத்துக் கீழே இறக்கினால் சாவு. ஒரு கையின் இரண்டு விரலை மேலே உயர்த்தினால் சத்தியம். மூன்றாம் அங்கத்தில் இளவரசன் கையை உயர்த்தும் கணத்தில்தான் கதை உடைகிறது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளை அன்னம் துடிப்பதையும் அப்போது காட்டுவார்கள்.

பழைய வடிவத்தில் ஒடெட் தன் கதையைச் சைகையிலேயே சொல்வாள். இந்த ஏரி என் தாயின் கண்ணீர் என்பதுகூட அதில் வரும். சோவியத் காலத்து ரஷ்ய வடிவங்கள் அதை எடுத்துவிட்டு ஆட்டமாகவே மாற்றின. ஆகவே ரஷ்யக் குழு என்றால் சைகை குறைவாகவும், பிரிட்டிஷ் மரபுக் குழு என்றால் கூடுதலாகவும் இருக்க வாய்ப்பு.

நீங்கள் கற்ற அபிநயத்திலிருந்து முக்கியமான வேறுபாடு ஒன்று. பரதத்தில் ஒருவரே நாயகி, தோழி, கண்ணன் எல்லாம் ஆவார். ஒரே வரியைச் சஞ்சாரியில் பத்து விதமாக விரிப்பார். பாலேயில் பாத்திரத்துக்கு ஒரு ஆள். சைகை ஒரே தடவைதான், வாக்கியம் மாதிரி சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். திரும்பி வரும் என்று காத்திருக்காதீர்கள். மேடையிலேயே கற்பனையாக விரிக்கும் மனோதர்மத்தை அங்கே தேடாதீர்கள். உணர்ச்சி விரிவது சைகையில் இல்லை, அதற்குப் பின் வரும் மெதுவான இருவர் ஆட்டத்தில்.

கால் விஷயத்தில் உங்களுக்குத்தான் மற்றவர்களைவிட லாபம். அரைமண்டியில் முட்டியை வெளிப்பக்கம் திருப்பிப் பழகியவர் நீங்கள். பாலேயும் இடுப்பிலிருந்தே காலை வெளிப்பக்கம் திருப்பும் கலைதான். பரதத்தில் அந்தத் திருப்பத்தோடு தாழ்ந்து, தரையைத் தட்டுகிறோம். அங்கே அதே திருப்பத்தோடு மேலே எழுகிறார்கள். நமக்குத் தட்டு சத்தமாக விழ வேண்டும், சலங்கை பேச வேண்டும். அவர்களுக்குத் தாவி இறங்கும்போது சத்தமே வரக்கூடாது. 'தொப்' என்று கேட்டால் முழங்கால் சரியாக மடியவில்லை அல்லது களைத்துவிட்டார் என்று பொருள். விரல்நுனிக் காலணியின் மெல்லிய 'டக் டக்' மட்டும் குறையல்ல. அந்தக் காலணியின் முனையில் மரக்கட்டை இருப்பதாகப் பலர் நினைப்பதுண்டு. துணியும் காகிதமும் பசையும் அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்த கூடுதான் அது. வியர்வையிலும் ஈரத்திலும் பசை இளகும். அதனால் நாயகி ஒரே மாலையில் ஒரு ஜோடிக்கு மேல் தேய்த்துவிடுவதும் உண்டு.

மூன்றாம் அங்கத்தில் கறுப்பு அன்னத்தின் புகழ்பெற்ற 32 ஃபுவெட்டே வரும். ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலைச் சாட்டைபோல வீசி, அந்த வேகத்திலேயே 32 சுற்று. 1895-ல் இத்தாலிய நடனக் கலைஞர் பியெரினா லெஞானி இதை இந்தப் பாலேயில் ஆடினார். அன்றிலிருந்து விடாமல் தொடர்கிறது. எண்ணிக்கையை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். ஊன்றிய காலைப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் குதிகால் இறங்கி மறுபடி விரல்நுனிக்கு ஏறும். நல்ல கலைஞர் ஒரே இடத்தில் நிற்பார். உடலின் எடை சற்று முன்னால் சாய்ந்தால் சுற்றுக்குச் சுற்று மேடையின் முன்பக்கம் நகர்ந்து வருவார். தலையையும் பாருங்கள். உடம்பு திரும்பியபின் தலை கடைசியில் வெட்டித் திரும்பி முன்னே ஒரே புள்ளியைப் பிடிக்கும். தலைசுற்றாமல் இருக்க அதுதான் வழி. இவ்வளவும், ஒரு நீண்ட மெது ஆட்டத்தையும் ஒரு தனி ஆட்டத்தையும் முடித்த கையோடு வருகிறது என்பதை நினைவில் வையுங்கள். மூச்சு எங்கிருந்து வருகிறது என்று நமக்கே மூச்சு முட்டும்.

கேள்வி: எப்போது கைதட்ட வேண்டும்?
– வாசகர், வேளச்சேரி

பதில்: ஒவ்வொரு தனி ஆட்டமும் முடிந்ததும் தட்டலாம். கதையின் நடுவிலேயே கலைஞர்கள் முன்னால் வந்து வணங்கிவிட்டுப் போவார்கள். அதைப் பார்த்து நிகழ்ச்சி முடிந்துவிட்டதோ என்று திகைக்க வேண்டாம். 32 சுற்றின் நடுவே தட்டினாலும் குற்றமில்லை. வெள்ளை அன்னத்தின் மெதுவான ஆட்டத்தில் மட்டும் கடைசிச் சுரம் அடங்கும்வரை பொறுங்கள். தாளம் போடுவது, 'பேஷ்' சொல்வது இரண்டையும் அன்று ஒருநாள் வீட்டில் வைத்துவிட்டு வரலாம்.

கச்சேரியில் மிருதங்கம் தனியே வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் எழுந்துபோகும் பழக்கம் நம் ஊரில் உண்டு. இங்கே தயவுசெய்து வேண்டாம். திரை விழுந்தபின் குழு முழுவதும் வரிசையாக வந்து வணங்கும், ஐந்து நிமிடம் ஆகும். பின்வரிசை அன்னங்களுக்கு அந்த மாலையில் கிடைக்கும் ஒரே பாராட்டு அதுதான்.

கேள்வி: வெளிநாட்டுக் குழு வந்தாலும் பதிவுசெய்த இசைதான் ஒலிக்கிறது என்கிறார்கள். அப்படியானால் பணம் வீண்தானே?
– வாசகர், அடையாறு

பதில்: வீண் இல்லை, ஆனால் இழப்பு இருக்கிறது. 50, 60 பேர் கொண்ட வாத்தியக் குழுவை ஊர் ஊராகக் கூட்டிவருவது செலவு. அதனால் பயணக் குழுக்கள் பெரும்பாலும் பதிவிசையோடுதான் வரும். வாத்தியக் குழு நேரில் இருந்தால், இசை நடத்துநர் நாயகியின் மூச்சைப் பார்த்து வேகத்தைத் தளர்த்துவார். நம் நட்டுவனார் ஆடுபவரின் காலைப் பார்த்தே தாளம் தட்டுகிறாரே, அதே உறவு. பதிவில் அது கிடையாது. கால் வழுக்கினாலும் இசை நிற்காது. கலைஞர்தான் விட்ட இடத்தைப் பிடித்தாக வேண்டும். ஒலிபெருக்கிகள் மேடையின் இருபுறமும் இருக்கும் என்பதால் ஓர இருக்கைக்காரர்களுக்குக் காது வலிக்கலாம். நடு இருக்கை வாங்க இது இன்னொரு காரணம். டிக்கெட் வாங்கும்முன் அறிவிப்பில் இசை பற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். வாத்தியக் குழு இருந்தால் அதைப் பெரிய எழுத்தில்தான் போடுவார்கள். ஒன்றுமே சொல்லவில்லை என்றால் பதிவு என்றே வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: சபா அழைப்பிதழ்களில் 'டான்ஸ் பாலே' என்று போடுகிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா? பாலே குழு வரும்வரை காத்திராமல், தனியாகப் போய்ப் பழக வேறு எங்கே தொடங்கலாம்?
– வாசகர், மேற்கு மாம்பலம்

பதில்: ஒன்றல்ல. சபாக்களில் 'பாலே' என்றால் பெரும்பாலும் நாட்டிய நாடகம். பலர் பாத்திரமேற்று, பரத அடவுகளில், பாட்டோடு ஆடுவது. கலாக்ஷேத்ராவில் 1944-ல் அரங்கேறிய குற்றாலக் குறவஞ்சி, 1955-ல் தொடங்கிய ராமாயண வரிசை எல்லாம் இந்த வகை.

ஆனால் இரண்டுக்கும் உறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. கலாக்ஷேத்ரா நடனப் பள்ளியை நிறுவிய ருக்மிணி தேவி, ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தில் மனம் பறிகொடுத்து, பாவ்லோவா குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றவர். உன் நாட்டுக் கலையைப் பார் என்று அவரைத் திருப்பிவிட்டவர் பாவ்லோவா. 1935-ல் அடையாறு தியசாபிகல் சொசைட்டியில் ருக்மிணி தேவியின் முதல் பரத மேடை. அடுத்த ஆண்டு கலாக்ஷேத்ரா பிறந்தது. கலாக்ஷேத்ராவின் திருவான்மியூர் மேடையின் ஒழுங்கிலும் ஒளியமைப்பிலும் பாலேயின் நிழல் கொஞ்சம் இருப்பதைக் கண் பழகியவர்கள் காண்பார்கள். பாவ்லோவாவின் பெயரோடு சொல்லப்படும் 'சாகும் அன்னம்' என்பது சில நிமிடத் தனி ஆட்டம். இசை சான்-சான்ஸ் என்ற பிரெஞ்சுக்காரருடையது. அதை 'ஸ்வான் லேக்'கின் கடைசிக் காட்சி என்று நினைத்துக் காத்திருந்து ஏமாறுபவர்கள் உண்டு.

பழகுவதற்கு மார்கழியைவிட நல்ல காலம் இல்லை. கச்சேரிகள் ஓய்ந்தபின் ஜனவரித் தொடக்கத்தில் மியூசிக் அகாடமி நடன விழா நடத்துகிறது. பல சபாக்களில் பிற்பகல் நடன நிகழ்ச்சிகளுக்கு அனுமதி இலவசம். பிற்பகல் இரண்டு மணி நிகழ்ச்சிக்கு வருபவர்களில் பாதிப் பேர் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள். அலாரிப்பு முதல் தில்லானா வரை ஒரு மார்க்கம் முழுவதும் அசையாமல் தனியாக உட்கார்ந்து பார்த்துவிட்டால், பாலேயின் இரண்டரை மணி நேரம் உங்களைப் பயமுறுத்தாது.

கேள்வி: நிகழ்ச்சி முடிய ஒன்பதரை ஆகும் என்கிறார்கள். தனியாகத் திரும்புவதும், இடைவேளையில் தனியாக நிற்பதும்தான் எனக்குத் தயக்கம். பிடிக்காவிட்டால் நடுவில் எழுந்து வரலாமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: எழுந்து வரலாம், இடைவேளையில் மட்டும். ஆனால் முதல் அங்கத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதில் விருந்தும் கூட்ட ஆட்டமும்தான் அதிகம். அன்னங்கள் இன்னும் வந்திருக்கவே மாட்டார்கள். பல குழுக்கள் இரண்டாம் அங்கத்துக்குப் பிறகுதான் இடைவேளை விடும். அதுவரை பார்த்தும் மனம் ஒட்டவில்லை என்றால் தாராளமாகக் கிளம்புங்கள்.

இடைவேளை 15, 20 நிமிடம். பெண்கள் கழிப்பறை வரிசையே பத்து நிமிடம் பிடிக்கும். விளக்கு எரிந்ததும் நேராக அங்கே போய்விடுங்கள், 'தனியாக நிற்பது' என்ற பேச்சே இராது. மிச்ச நேரத்தில் அடுத்த அங்கத்தின் கதையை ஒருமுறை வாசியுங்கள்.

திரும்புவதற்கு, மெட்ரோ இரவு 11 மணி வாக்கில் வரை ஓடுகிறது. மின்சார ரயில் என்றால் உங்கள் தடத்தின் கடைசி இரண்டு வண்டிகளின் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டோ, டாக்சியை அரங்க வாசலில் நின்று கூப்பிடாதீர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் அழைப்பதால் கட்டணம் ஏறும், வண்டியும் நெரிசலில் மாட்டும். மற்றவர்கள் கார் நிறுத்தத்துக்கு ஓடும்போது உள்ளேயே பத்து நிமிடம் உட்கார்ந்திருங்கள். பிறகு வெளிச்சமும் காவலாளியும் உள்ள வாயிலருகே நின்று கூப்பிடுங்கள். செல்போனை மாலையில் அணைத்து வைத்ததால் சார்ஜ் முழுசாக இருக்கும். வண்டி எண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஏறுங்கள்.